வேலூரில் பத்து நாள் சாப்பாடு

கேள்வி: அம்மாவின் சிகிச்சைக்காக வேலூர் சி.எம்.சி.க்கு வருகிறோம். பத்து நாள் தங்க வேண்டும். சாப்பாடு எப்படி? – வாசகி, தேனி

பதில்: கவலை வேண்டாம் சகோதரி. அம்மாவுக்கு இட்லி, இடியாப்பம் நடக்கிற தூரத்திலேயே உண்டு. வங்காளத்து நோயாளிகள் நிறைய வருவதால் சில ஓட்டல்களில் பெயர்ப்பலகையே வங்காள எழுத்தில்தான். அங்கே கடுகெண்ணெய் மீன் குழம்பு கேளுங்கள். அப்பாவோடு தங்கியிருந்தபோது எனக்குத் தினமும் மதியம் அதுதான். மூக்கில் ஏறும் அந்தக் கடுகுக் காரம் இரண்டாம் நாளே பழகிவிட்டது. பிரியாணி என்றால் ஆம்பூர் பாணி: சீரகச் சம்பா அரிசி, அரைத்த வரமிளகாய் விழுது, கூடவே புளிப்பாகக் கத்திரிக்காய். அந்தக் கத்திரிக்காயை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள்! அப்புறம், ஊர் திரும்பும்போது முந்திரி, பாதாம் உள்ளே வைத்த ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா.