வாசகர் கேள்விகள்: ஷேக்ஸ்பியரும் இரு நண்பர்களும்

கேள்வி: ஷேக்ஸ்பியர் பிறந்ததும் மறைந்ததும் ஏப்ரல் 23ஆம் தேதிதான் என்கிறார்களே, சரியா?

பதில்: மறைந்தது 1616 ஏப்ரல் 23 என்பது சரி. பிறந்த நாளுக்கு நேரடிச் சான்று கிடையாது. ஏவன் ஆற்றங்கரை ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் தேவாலயப் பதிவேட்டில் 1564 ஏப்ரல் 26 அன்று அவருக்கு ஞானஸ்நானம் நடந்ததாகக் குறிப்பு இருக்கிறது. பிறந்த சில நாள்களிலேயே ஞானஸ்நானம் கொடுப்பது அக்கால வழக்கம் என்பதால், பிற்காலத்தார் மூன்று நாள் பின்னோக்கி எண்ணி இந்தத் தேதியை வைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: அவர் தம் நாடகங்களைத் தாமே தொகுத்து வெளியிடவில்லை; கையெழுத்துப் பிரதிகளும் எஞ்சவில்லை. அவற்றை எழுதியவர் அவர்தான் என்று எதை வைத்து நம்புவது?

பதில்: கையுறை செய்து விற்றவரின் மகன், பல்கலைக்கழகப் படியேறாதவர், இவ்வளவு எழுதியிருக்க முடியுமா என்ற ஐயமே இந்தக் கேள்வியின் வேர். அக்கால நாடகத் தொழில் நடந்த விதத்தை அறிந்தால் ஐயத்துக்கு அதிக இடமிருக்காது.

நாடகம் அன்று எழுதியவரின் உடைமையன்று, அதை வாங்கிய குழுவின் உடைமை. ஷேக்ஸ்பியர் 1594 முதல் லார்ட் சேம்பர்லின் குழுவில் நடிகராகவும் எழுத்தாளராகவும் பங்குதாரராகவும் இருந்தார். அவருக்குப் பணம் வந்தது அரங்கின் வாசலில் வசூலான காசிலிருந்தே தவிர அச்சகத்திலிருந்து அல்ல. அதற்காக அச்சை அவர் வெறுத்தார் என்று எண்ண வேண்டாம். கொள்ளைநோயால் லண்டன் அரங்குகள் மூடிக்கிடந்த காலத்தில், 1593லும் 1594லும், இரண்டு நெடுங்கவிதைகளைச் சௌத்தாம்ப்டன் பிரபுவுக்குக் காணிக்கையாக்கி, பிழை குறைந்த நேர்த்தியான நூல்களாக வெளியிட்டார்.

நாடகங்களுக்கு அந்தக் கவனிப்பு வாய்க்கவில்லை. ஏறக்குறைய பாதி மட்டுமே அவர் காலத்தில் சிறு நூல்களாக வெளிவந்தன. அவற்றிலும் சில சிதைந்தவை. 1603இல் அச்சான ‘ஹாம்லெட்’ அடுத்து வந்த பதிப்பில் ஏறத்தாழ பாதியளவே இருந்தது. வாழ்வதா சாவதா என்று இளவரசன் தனக்குள் வாதிடும் புகழ்பெற்ற பகுதிகூட, யாரோ பாதி நினைவில் ஒப்பித்ததுபோல் குழம்பிக் கிடக்கிறது.

அவர் மறைந்து ஏழாண்டுகள் கழித்து, 1623இல், அவரோடு மேடையேறிய ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டெல் என்னும் இருவர் 36 நாடகங்களை ஒரே பெருநூலாகத் தொகுத்தார்கள். ‘முதல் ஃபோலியோ’ என்று வழங்கும் அந்நூலில் 18 நாடகங்கள் அதற்குமுன் அச்சேறாதவை. ‘மாக்பெத்’, ‘ஜூலியஸ் சீசர்’, ‘டெம்பெஸ்ட்’ மூன்றும் அந்தப் பதினெட்டில் அடக்கம். இந்த இருவர் முனைந்திராவிட்டால் அவை நமக்குக் கிடைத்திருக்குமா என்பதே ஐயம். ஆசிரியர் யார் என்ற விவாதத்துக்குச் செலவழியும் மையில் பத்தில் ஒரு பங்காவது இவர்களைப் பற்றி எழுதச் செலவாகியிருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆதாயமோ புகழோ நாடாமல் நண்பரின் நினைவை நிலைநிறுத்தவே இதைச் செய்தோம் என்று முன்னுரையில் அவர்கள் எழுதினார்கள். போட்டி எழுத்தாளரும், குறை சொல்லத் தயங்காதவருமான பென் ஜான்சன், அதே நூலில் அவரை ‘ஏவனின் அன்னம்’ என்று பாடினார். பல்லாண்டு உடனிருந்தவர்களின் சாட்சியைத் தள்ளிவிட்டு, பல தலைமுறை கழித்து எழுந்த ஊகத்தை ஏற்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

கேள்வி: உயிலில் மனைவிக்கு ‘இரண்டாம் தரக் கட்டிலை’ மட்டும் எழுதிவைத்தாராமே! அவ்வளவு கசப்பா?

பதில்: உயிலில் ஆன் ஹாத்தவேக்கென்று தனியே எழுதப்பட்டது அந்தக் கட்டிலும் அதைச் சேர்ந்த விரிப்பு, திரை முதலியவையும்தான். ஆனால், வீட்டின் சிறந்த கட்டில் விருந்தினருக்கானது, இரண்டாவதே தம்பதியுடையது என்று சொல்வோரும், கைம்பெண்ணுக்குச் சட்டப்படி சேரவேண்டிய பங்கை உயிலில் தனியே எழுதத் தேவையில்லை என்று வாதிடுவோரும் உண்டு. கசப்பு என்று முடிவுகட்ட அந்த ஒரு வரி போதாது. அந்த வரியே வரிகளுக்கிடையில் பின்னர் செருகப்பட்டது. அப்படிச் செருகப்பட்ட இன்னொரு வரி, நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ளும்படி மூன்று சக நடிகர்களுக்குத் தலா 26 ஷில்லிங் 8 பென்ஸ் விட்டுச்செல்கிறது. ரிச்சர்ட் பர்பேஜ் ஒருவர். மற்ற இருவர் ஹெமிங்ஸும் காண்டெலும்.