காலனி ஆட்சிக் கட்டடங்களை ஏன் காக்க வேண்டும்? கேள்வி பதில்

கேள்வி: நம்மை அடக்கி ஆண்டவர்கள் கட்டியதை நம் வரிப்பணத்தில் ஏன் பழுதுபார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் "அவர்கள் கட்டியது" என்பதை நான் ஏற்கமாட்டேன். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1861-இல் வழிபாடு தொடங்கிய அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள், இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள். சுவர்ப் பூச்சின் பெயரே 'மெட்ராஸ் சுண்ணம்'. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை மூன்றையும் தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்தார்கள். பூச்சு காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்தே மெருகேற்றினார்கள். அதை இடித்தால் அந்தக் கைகளின் சாட்சியமும் மண்ணோடு போகும்.

கேள்வி: அப்படியானால் தென்கொரியாவின் சியோலில் ஜப்பானியர் கட்டிய ஆளுநரகத்தை இடித்தது தவறா?

பதில்: இல்லை. 1926-இல் கட்டி முடித்த அந்த ஆளுநரகத்தை, கொரிய மன்னர்களின் கியோங்போக்குங் அரண்மனையை நகரத்தின் கண்ணிலிருந்து மறைக்கும்படி நிறுத்தியிருந்தார்கள். கொரியர்களைச் சிறுமைப்படுத்தவே எழுந்த கட்டடம் அது. 1995 ஆகஸ்ட் 15, விடுதலையின் 50-ஆம் ஆண்டு நாளில், அதன் கோபுர உச்சியைக் கழற்றி இறக்கினார்கள். ஆனாலும் அந்த உச்சியைத் தூக்கி எறியவில்லை. சொனான் நகரின் விடுதலை நினைவகத்தில் வைத்திருக்கிறார்கள். தைப்பேயில் அதே ஜப்பானியர் 1919-இல் முடித்த ஆளுநர் மாளிகையிலோ இன்று தைவான் அதிபரின் அலுவலகம் இயங்குகிறது. எனக்கு இரண்டு முடிவுகளும் சரியாகவே படுகின்றன.

கேள்வி: எங்கள் பழைய வீட்டில் காரை பெயர்கிறது. சிமென்ட் பூசலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலேறும். செங்கல் மாவாக உதிரும். முதல் ஓரிரு ஆண்டுகள் சுவர் புதிதுபோல் இருப்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடுங்கள்: ஒழுகும் மழைநீர்க் குழாயா, தளவெடிப்பில் வேர்விட்ட அரசங்கன்றா? அதைச் சரிசெய்த பிறகு சுண்ணாம்புச் சாந்தையே பூசுங்கள்.

கேள்வி: யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் கவலையில்லை அல்லவா?

பதில்: கட்டடங்களைப் பற்றிய கவலை ஓரளவு தீரும். பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008-இல் மலாக்காவோடு பட்டியலில் ஏறியது. அதற்கு முன்பே, 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும், கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த பலர் வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு விடுதிகளும் காப்பிக் கடைகளும் பெருகின. குடியிருந்தவர்கள் போய் முகப்பு மட்டும் பிழைத்த தெருவைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. வாடகைக்கு இருப்பவரைக் காக்காத பாதுகாப்புத் திட்டம் எதையும் நான் ஆதரிக்கமாட்டேன்.

கேள்வி: இப்படிக் காக்கும் கட்டடத்தின் தகவல் பலகையில் என்ன எழுதலாம்?

பதில்: கட்டச் சொன்னது யார், கட்டியது யார், உள்ளே நடந்தது என்ன. 1947 ஜூலை 19 அன்று பர்மாவின் விடுதலைத் தலைவர் ஆங் சானும் அவருடைய அமைச்சர்கள் சிலரும் சுட்டுக் கொல்லப்பட்டது, யாங்கோனில் ஆங்கிலேயர் கட்டிய தலைமைச் செயலகத்தில். அங்கே வைக்கும் பலகையில் அந்தத் தேதிதான் முதல் வரியாக இருக்க வேண்டும். கட்டடப் பாணி அதற்குக் கீழே வரட்டும்.