பேனர்காரரிடம் கேளுங்கள்

கேள்வி: சினிமாவில் மனதைப் பிழிந்த காட்சி வந்தால், என் மகள் அதைப் போனில் நிறுத்தி வைத்து அப்படியே வரைகிறாள். முகம் அச்சாக வருகிறது, ஆனால் அந்தத் துக்கம் மட்டும் வரவில்லை. பெரிய ஓவியர்கள் சினிமாவைப் பார்த்து வரைந்திருக்கிறார்களா?
- ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: வரைந்திருக்கிறார்கள் அம்மா. டப்ளினில் பிறந்து லண்டனில் வாழ்ந்த பிரான்சிஸ் பேக்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1925-ல் ஐசன்ஸ்டைன் எடுத்த ரஷ்ய ஊமைப்படம் ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’. ஒதெஸா ஊர்ப் படிக்கட்டில் சிப்பாய்கள் ஜனங்களைச் சுட்டுக்கொண்டே இறங்குவார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண், கண்ணில் ரத்தம் வழிய, வாயைப் பிளந்து அலறுவாள். சில நொடிதான், சத்தமும் கிடையாது. (குழந்தை வண்டியோடு வரும் தாய் வேறு ஆள். பலர் இரண்டு பேரையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.)

அந்த வாய் பேக்கனை விடவே இல்லை. 1957-ல் அவளையே வரைந்தார். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் ஸ்டேடல் மியூசியத்தில் இருக்கிறது. அதில் படிக்கட்டு இல்லை, சிப்பாய் இல்லை, அவள் உடம்பில் துணிகூட இல்லை. திறந்த வாய் மட்டும் அப்படியே நிற்கிறது. அதற்கு முன்பே, 1953-ல், ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் அதற்கும் முன்னூறு வருஷத்துக்கு முன் வரைந்த போப் ஒருவரையும் அலற வைத்துவிட்டார். பழைய ஓவியத்தில் அந்த போப் உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்!

உங்கள் மகள் செய்வதை நானும் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன். பேனர் வேலைக்குச் சேர்ந்த புதிது. மகனைப் பறிகொடுத்த தாய் முகம், இருபது அடி. ஸ்டில்லில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கண்ணீர்த் துளியையும் எண்ணி வைத்தேன். மாஸ்டர் ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்தார். “என்னடா, அந்தம்மாவுக்கு அம்மை போட்டிருக்கா?” என்றார். திரும்பி வந்து பழந்துணியால் எல்லாத் துளியையும் துடைத்தார். கீழ் இமை ஓரம் வெள்ளையில் ஒரே ஒரு ஈரக் கோடு. உதட்டு முனையைக் கொஞ்சம் நீலம் தொட்டுக் கீழே இழுத்தார். அவ்வளவுதான், அந்தம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

அதனால் படம் பார்த்த அன்றைக்கு மகளை வரைய விடாதீர்கள். மறுநாள் போனை வாங்கி வைத்துக்கொண்டு பேப்பரைக் கொடுங்கள். முகம் மறந்து போய், கதவைப் பிடித்திருந்த கை மட்டும் ஞாபகம் இருக்கிறதா? சரி, கையையே வரையட்டும். விரல் கோணலாக வந்தால் வரட்டும்.

கேள்வி: ஸ்டில்லைப் பார்த்து வரைந்தால் அது காப்பிதானே?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: அப்படியென்றால் நான் முப்பது வருஷம் காப்பிதான் அடித்தேன்! மேஜைமேல் ஸ்டில் இல்லாமல் ஒரு பேனரும் எழுதியதில்லை. பேக்கனும் அந்தப் பெண்ணின் ஸ்டில்லைத் தன் ஸ்டுடியோவிலேயே வைத்திருந்தார். கசங்கி, கிழிந்து, மேலெல்லாம் பெயின்ட் அப்பிக்கொண்டு கிடந்தது.