இதய நோயும் சர்க்கரையும் உள்ள அப்பா நாளுக்கு நாள் தளர்ந்துபோகிறார். வயதானால் இப்படித்தானா?

இல்லை, வயது மட்டும் காரணமில்லை. மருத்துவர்கள் இந்தத் தளர்ச்சியைத் தனி நிலையாகவே பார்க்கிறார்கள். 2001இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃபிரைட் குழுவினர் சொன்ன ஐந்து அடையாளங்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன: தானாக எடை குறைவது (ஓராண்டில் சுமார் 4.5 கிலோ), தீராத அசதி, கைப்பிடி வலுவிழப்பது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் தளர்ச்சி என்பார்கள்.

இரண்டு நோய்களும் தசையில்தான் கைவைக்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் தசை தேயும். இதயம் பலவீனமானால் மூச்சு வாங்கும், நடப்பது குறையும், தசை இன்னும் தேயும்.

பலர் கோட்டைவிடுவது தாழ்சர்க்கரையில். பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிடுபவர் பழைய அளவிலேயே இன்சுலினோ கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுபவருக்குக் கை நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் இப்படிப்பட்டவர்களுக்கு எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8 சதவீதத்தை ஒட்டி இருந்தாலும் பல மருத்துவர்கள் ஏற்கிறார்கள். 7க்குக் கீழே இழுத்தே தீருவேன் என்ற பிடிவாதம் இந்த நிலையில் வேண்டாத வம்பு.

சரி, என்ன செய்யலாம்? மருத்துவர் சம்மதித்தால் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி நல்ல தொடக்கம். புரதம் கூட்டலாம், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் கேட்டுவிட்டு. அப்புறம், எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய், “இதில் எதைக் குறைக்கலாம்?” என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் அதையும் சொல்லுங்கள்.