ஜன்னலோரத்துக் கேள்விகள்: ஓய்வு பெற்ற விமானியின் பதில்கள்

கேள்வி: ஐயா, வலப்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் பனிமலையைப் பார்த்து ரசித்தார்கள். இடப்பக்கத்தில் இருந்த எனக்கு வெறும் மேகம். விமானத்தைச் சற்றுத் திருப்பிக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

பதில்: சில நேரம் திருப்புகிறோம். 2023 பிப்ரவரியில் ஐஸ்லாந்திலிருந்து மான்செஸ்டருக்குச் சென்ற ஈஸிஜெட் விமானம், வடதுருவ ஒளியை இரு பக்கத்தாருக்கும் காட்ட முழு வட்டமடித்தது. ஆனால் 35,000 அடி உயரத்தில் 25 டிகிரி சாய்ந்து ஒரு வட்டமடிக்க ஏறத்தாழ 5 நிமிடம் ஆகும். வட்டத்தின் விட்டம் 20 கிலோமீட்டரைத் தாண்டும். அவ்வளவு இடமும் காலியாக இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது, தரைக் கட்டுப்பாட்டாளருக்குத்தான் தெரியும். அவர் மறுத்தால் நேராகப் போக வேண்டியதுதான்.

கேள்வி: எரிபொருள் வீண்தானே?

பதில்: கொஞ்சம். ஓடுபாதைக்காகக் காத்துச் சுற்றும்போது இதைவிட அதிகம் எரிகிறது.

கேள்வி: அந்தக் காலத்தில் தாராளமாகக் காட்டுவார்களாமே, கேப்டன்? இப்போது ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

பதில்: அந்தத் தாராளத்துக்கு விலை கொடுத்த கதைகள் உண்டு. 1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதின. 128 பேரும் இறந்தார்கள். கட்டுப்பாடு இல்லாத வான்வெளி அது. ஒருவரையொருவர் கண்ணால் பார்த்து விலகுவது விமானிகளின் பொறுப்பு. அவர்கள் ஏன் பார்க்கவில்லை என்பதற்குச் சாத்தியமான காரணங்களில் ஒன்றாக, பயணிகளுக்குப் பள்ளத்தாக்கை நன்றாகக் காட்டும் முயற்சியையும் விசாரணைக் குழு குறிப்பிட்டது. அந்த விபத்து எழுப்பிய அதிர்ச்சிக்குப் பிறகுதான் 1958இல் அமெரிக்காவில் புதிய வான்போக்குவரத்துச் சட்டம் வந்தது.

1966 மார்ச் 5 அன்று டோக்கியோவிலிருந்து ஹாங்காங் புறப்பட்ட போயிங் 707, ஃபூஜி மலைக்கு அருகில் உடைந்து விழுந்தது. 124 பேர். வானத்தில் மேகத் தடையில்லை. மலையில் மோதிய காற்று மறுபக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சுழல்களாகக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மலைகளைப் பொறுத்தவரை எனக்கு இன்றும் இந்தப் பயம் உண்டு: பார்க்க அழகாக இருக்கும் தெளிந்த நாளில்தான் காற்று பலமாக இருக்கக்கூடும்.

கேள்வி: எந்தப் பக்கம் இடம் கேட்பது?

பதில்: திசையைப் பாருங்கள். கிழக்கே போனால் இடப்பக்கம் வடக்கு. டெல்லியிலிருந்து காத்மாண்டு போகிறவர் இடப்பக்கம் உட்கார்ந்தால் இமயம், திரும்பும்போது வலப்பக்கம். இறக்கைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது. பின்னால் இருந்தால் என்ஜினின் வெப்பக்காற்றில் மலை தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும்.

கேள்வி: பயணி ஒருவர் வேண்டிக்கேட்டு விமானம் எதையாவது காட்டியதுண்டா?

பதில்: உண்டு! 2016 மார்ச்சில் ஆங்கரேஜிலிருந்து ஹொனலுலு சென்ற அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம், முழு சூரிய கிரகணத்தின் நிழலைப் பிடிக்க 25 நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. வானியல் ஆர்வலர் ஒருவர் ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே நிறுவனத்திடம் கேட்டிருந்தார். கடைசி நேரத்தில் கேட்டிருந்தால் நடந்திருக்காது.

கேள்வி: அப்படியானால் சாதாரணப் பயணி என்ன கேட்கலாம்?

பதில்: விமானத்தைத் திருப்பச் சொல்லாதீர்கள், விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். இரவில் துருவ ஒளியை மறைப்பது பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடியில் விழும் நம் விளக்கின் பிரதிபலிப்புதான். பணியாளரிடம் சொன்னால் எங்களிடம் வந்து கேட்பார். இறங்கத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். 10,000 அடிக்குக் கீழே விமானி அறையில் வேறு பேச்சுக்கு இடமில்லை.