பாரம்பரிய மிளகாய் வளர்ப்பு: கேள்வி பதில்

கே: விதை போட்டுப் பத்து நாளாகிறது, ஒன்றும் முளைக்கவில்லை. விதை கெட்டதா?

ப: அவசரம் வேண்டாம். 25 முதல் 30 டிகிரி வெப்பம் இருந்தால் பத்து நாளில் தலைகாட்டலாம். குளிர்ந்த இடத்தில் மூன்று வாரம்கூட ஆகும். மண்ணைச் சொதசொதவென்று வைக்காதீர்கள், விதை அழுகிவிடும்.

கே: பூ நிறைய வருகிறது, எல்லாம் உதிர்கிறது ஐயா.

ப: பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் கொட்டத்தான் செய்யும். தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். தண்ணீரிலும் கை கட்டுப்படட்டும்.

கே: குடைமிளகாய்க்குப் பக்கத்தில் கார மிளகாய் வைத்தேன். குடைமிளகாயும் காரமாகிவிடுமா?

ப: ஆகாது. காயின் சதை தாய்ச்செடியுடையது. வெளி மகரந்தம் விதைக்குள் இருக்கும் கருவைத்தான் மாற்றும். அந்த விதையைப் போட்டு வளர்த்தால்தான் கலப்பு தெரியும்.

கே: எங்கள் செடியில் காரமாகத்தான் இருந்தது, சாப்பிட்டுப் பார்த்துதான் சொல்கிறேன்.

ப: நம்புகிறேன். ஆனால் நீங்கள் போட்ட விதையே கலப்பாக வந்திருக்கும். பக்கத்துச் செடிமேல் பழி போடாதீர்கள்.

கே: குறுக்கிடுகிறேன். காரம் விதையில்தானே இருக்கிறது? விதை கலந்தால் காரமும் வருமே?

ப: நல்ல மடக்கு! ஆனால் காரம் விதையில் இல்லை. ஒரு காயை நெடுக்காகக் கீறிப் பாருங்கள். விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய சதையும் அதிலிருந்து ஓடும் சவ்வும் தெரியும். காரத்தைத் தரும் கேப்சைசின் என்ற பொருள் முக்கியமாக அங்கேதான் சுரக்கிறது, அதுவும் தாயின் திசுதான். விதை காரமாகத் தெரிவது, அந்தச் சாறு அதன்மேல் ஒட்டிக்கொள்வதால்.

கே: அப்படியானால் ரகம் கலக்காமல் விதை எடுப்பது எப்படி?

ப: இதைக் கேட்க மாட்டீர்களா என்றுதான் இருந்தேன். மிளகாய்ப்பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் தேனீ வந்தால் கலப்பும் நடக்கும். அதனால் மொட்டு விரியும் முன்பே ஒரு கிளைக்கு மெல்லிய வலைத்துணிப் பை கட்டுங்கள். ஏற்கெனவே விரிந்த பூ இருந்தால் கிள்ளிவிடுங்கள். தினமும் கிளையை லேசாகத் தட்டுங்கள், மகரந்தம் உதிர்ந்து சூல் பிடிக்கும். பிஞ்சு வந்ததும் பையை அவிழ்த்து, அதன் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். இல்லாவிட்டால் எது எது என்று தெரியாது. காய் செடியிலேயே நன்றாகப் பழுத்த பிறகு விதை எடுத்து நிழலில் உலர்த்துங்கள். வளைத்தால் வளையாமல் முறிகிற விதைதான் காய்ந்தது. அதற்கு முன்பு புட்டியில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரே செடியில் எடுக்காமல் நல்ல செடிகள் பலவற்றிலிருந்து எடுத்தால் ரகம் வலுவாக நிற்கும்.

கே: வீரிய ஒட்டு ரகக் காயிலிருந்து விதை எடுக்கலாமா?

ப: எடுக்கலாம், ஆனால் அதே காய் வராது.

கே: இலை சுருள்கிறது, என்ன அடிக்கலாம்?

ப: மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன். எது என்று பார்க்காமல் மருந்தைத் தூக்காதீர்கள்.

கே: தினமும் தண்ணீர் ஊற்றலாமா?

ப: விரலை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள்.

கே: செடி வாடுகிறது, இன்னும் கொஞ்சம் தண்ணீர்...

ப: விரல்!

கே: தக்காளி பக்கத்தில் இருந்தால் மிளகாய் கலந்துவிடுமா?

ப: கலக்காது, வேறு வேறு இனம். ஆனால் வெள்ளை ஈக்கு இரண்டும் பிடிக்கும், இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.