போட்டிக்காக மன்றமா, மன்றத்துக்காகப் போட்டியா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். 8, 9-ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தொழில்நுட்ப மன்றம் ஒன்று தொடங்க விரும்புகிறோம். நிதி மிகக் குறைவு. எந்தப் போட்டியை இலக்காக வைத்துக்கொள்ளலாம்? ரோபோ தொகுப்பு வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: தொகுப்பு வாங்க வேண்டியதில்லை, போட்டியை முதலிலேயே முடிவு செய்யவும் வேண்டாம். ஃபர்ஸ்ட் லெகோ லீக் போன்ற ரோபோப் போட்டிகள் தரமானவைதாம் என்றாலும், இரண்டரை நிமிட ஆட்டத்துக்காகப் பல்லாயிரம் ரூபாய்த் தொகுப்பை வாங்கிவிட்டால், அது பழுதாகிவிடுமோ என்ற அச்சத்திலேயே பெட்டிக்குள் பூட்டி வைக்கப்படுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

பள்ளி வளாகத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரு சிக்கலிலிருந்து தொடங்குங்கள். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவதையே எடுத்துக்கொள்ளலாம். நிரல் எழுதி இயக்கக்கூடிய ஓர் ஆர்டுயினோ பலகை, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பித் தொலைவை அளக்கும் ஒரு மீயொலி உணரி, ஒரு சிறு ஒலிப்பான் ஆகியவற்றைச் சில நூறு ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். உணரியைத் தொட்டியின் மேற்புறம் பொருத்தி, நீர்மட்டம் நெருங்கி வந்தால் ஒலிப்பான் ஒலிக்கும்படி செய்வதுதான் வேலை. அவை வந்து சேரும்வரை, டிங்கர்காட் என்னும் இலவச இணையதளத்தில் சுற்றை அமைத்து நிரலை ஓட்டிப் பார்க்க உங்கள் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகள் போதும்.

உணரி அனுப்பும் ஒலி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை மைக்ரோ விநாடியில் அளந்து, அதை 58-ஆல் வகுத்தால் தொலைவு சென்டிமீட்டரில் கிடைக்கும் என்று எல்லா நிரல்களிலும் எழுதியிருக்கும். அந்த 58 எங்கிருந்து வந்தது என்று மாணவர்களைக் கேளுங்கள். ஒலி போய்த் திரும்புவதால், ஒரு சென்டிமீட்டர் தொலைவுக்கு அது கடப்பது இரண்டு சென்டிமீட்டர். 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். அந்த வேகத்தில் இரண்டு சென்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 58 மைக்ரோ விநாடி ஆகும். கணக்கு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் நம் ஊர் மொட்டை மாடியில் பகலில் 35 டிகிரி இருக்கும்போது ஒலியின் வேகம் ஏறத்தாழ 352 மீட்டராகிவிடுவதால், உண்மையில் 100 சென்டிமீட்டர் உள்ள தொலைவை அதே நிரல் ஏறத்தாழ 98 என்று காட்டும். காலையிலும் நண்பகலிலும் அளந்து, அளவுகோலோடு ஒப்பிட்டு, ஏன் மாறுகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். எதிரொலி பற்றிய பாடம் அன்று புரிவதுபோல் வகுப்பறையில் புரியாது. தொட்டி குறுகலாக இருந்தால் ஒலி பக்கச்சுவரில் பட்டும் திரும்பும். அதைத் தவிர்க்க உணரியை எங்கே பொருத்துவது என்பது அடுத்த வார வேலை.

இப்படியொரு வேலை கையில் இருந்தால் போட்டி தானாக அமையும். மாணவர்களின் புதிய எண்ணங்களுக்கு நிதி தரும் மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில், மாணவரின் எண்ணத்தைத் தலைமையாசிரியர் இணையவழியில் பரிந்துரைக்கிறார். தேர்வானால் மாதிரி செய்யவும் மாவட்டக் கண்காட்சியில் பங்கேற்கவும் 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஆதலால் வங்கிக் கணக்கு விவரங்களை முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். 1993-இல் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத் தமிழகத்தில் ஒருங்கிணைத்து வருவது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயது வரையுள்ளோர் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றைக் குழுவாக ஆராய்ந்து அறிக்கை அளிக்க வேண்டும் என்பதால், பளபளக்கும் மாதிரியைவிட மாணவர்கள் சேர்த்த அளவீடுகளுக்கே அங்கு மதிப்பு அதிகம். வாரம் எத்தனை லிட்டர் தண்ணீர் வீணாகிறது என்ற அட்டவணையே பாதி அறிக்கையாகிவிடும்.

எந்தப் போட்டியானாலும் நடுவர் கேட்கும் முதல் கேள்வி, "இதில் நீ செய்தது எது?" என்பதாகத்தான் இருக்கும். கடையில் விற்கும் தயார் மாதிரிகள் அந்த இடத்தில் வாய் திறக்காமல் நிற்கும். தேதியிட்ட குறிப்பேடு ஒன்றைக் குழுவிடம் கொடுத்து, வேலை செய்யாத இணைப்புகளையும் வரையச் சொல்லுங்கள்.

கூட்டத்தை வாரம் ஒரு நாள், ஒரு பலகைக்கு மூவர் என்று வைத்துக்கொண்டால் கை படாத மாணவர் இருக்கமாட்டார். நிரல், இணைப்பு, குறிப்பு ஆகிய பொறுப்புகளை மாற்றிக் கொடுப்பது கட்டாயம். இல்லையென்றால் பற்றவைப்புக் கருவி (சால்டரிங் அயர்ன்) மாணவர்களிடமும், சார்ட் ஒட்டுவது மாணவிகளிடமும் போய்ச் சேர்ந்துவிடும். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு மன்றத்தை நிறுத்திவிடுவதாக முதல் கூட்டத்திலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.